ராகு காலத்து முற்றுகை

அக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கழுகுமலை ரோட்டு மண்டபத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களை நனையாமல் இறக்கியாச்சு. ஒரு ஒயரை எலி கடித்திருக்கிறது. மாற்றணும்.

இந்த டைரி வீட்டுக்காரி கனகு கொடுத்தது. ஹார்டுவேர் கடையில் இனாம். ஜனவரி முதல் இன்றுவரை வெள்ளையாகவே கிடந்தது. "ஓயாம அந்த மனுசன வையுதிய. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கு. எழுதித் தொலைங்க, மனசு ஆறும்" என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணும். பரவாயில்லை, படிக்கப்போவது நான்தான்.

மனசு ஆற எழுதவில்லை. மறந்துவிடாமல் இருக்க எழுதுகிறேன்.

நடந்தது இது. போன மாதம் மகள் கோமதிக்கு, எங்கள் கோமுவுக்கு, வளைகாப்பு. அவள் மாமனார் பிடித்த மண்டபம். மைக் செட் என்னுடையது, மகள் விசேஷம் என்று சும்மா போட்டது. வளையல் போட்டு முடிந்ததும் பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது வழக்கம். தலைப்பிரசவம் நம் பொறுப்பு. காருக்கு மல்லிகைச் சரம் கட்டி வெளியே நிறுத்தியிருந்தேன். சம்பந்தி (இனிமேல் ச. போதும், முழுசாக எழுதினால் மை வீண்) நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், மைக்கைப் பார்த்தால் விடமாட்டார்.

"மருமக எங்க வீட்லயே இருக்கட்டும். சம்பந்தி வீட்டுல மழை பெஞ்சா உள்ளயும் குடை பிடிக்கணும். எம் பேரப்புள்ளைக்குச் சளி பிடிச்சிரக் கூடாதுல்லா."

மண்டபமே சிரித்தது. என் மைக். என் ஆம்ப்ளிஃபையர். குரல் தெளிவாக விழட்டும் என்று நானே திருகி வைத்தது.

எங்கள் தெருவில் இன்னொரு செட் பாடிக்கொண்டிருந்தது, வரவேற்புக்கு. ஆரத்தி கரைக்க முன்னாலேயே வந்துவிட்ட கனகு தட்டோடு வாசலில். தெருப் பொம்பளைகள் எல்லாம் சுற்றி. கார் வந்து நின்றது. நான் மட்டும் இறங்கினேன். பாட்டை நிறுத்த ஆளில்லை. நானே போய் நிறுத்தினேன்.

செய்யலாம் என்று யோசித்தவை:
– அவர் வீட்டுப் பக்கம் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிகாலையில் பாட்டு, ஒரு மண்டலம்.
– அவர் சொந்தக்காரன் எவன் கேட்டாலும் கரகர மைக்தான்.
– சும்மா இருப்பது. (கனகு சொன்னது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

கோமு நம் வீட்டுக்கு வரும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று மட்டும் முடிவு. பச்சைத் தண்ணிகூட இல்லை.

இதெல்லாம் பழைய கதை. இன்றைக்குப் புதுசு.

சாயங்காலம் கோமுவைப் பார்க்கப் போனேன். மாடியில் சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு படம் விரித்திருக்கிறது. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக. நடுவில் ஒரு பழைய நகரம், சுற்றிலும் மதில். கடல் தாண்டி எங்கேயோ இருந்த ஊராம், பேர் வாயில் நுழையவில்லை. மேலே நகத்தளவு அட்டைகள், நூற்றுக்கணக்கில். வில்லாள், ஏணி, மதிலை முட்டும் மரம், சக்கரம் வைத்த உயரக் கோபுரம் (நான் தேர் என்று பேர் வைத்தேன்), தானிய மூட்டை. மாப்பிள்ளை பிரபு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. பெங்களூர் கம்பெனி, வேலை வீட்டிலிருந்து, பொழுது இதில். ச.வும் மகன் கூட உட்கார்ந்து ஒரு மாதமாக இதே பைத்தியம். எப்போதும் கோட்டை ச.வுக்கு. வெளியே நின்று அடிப்பது மகன். ஒரு தடவைகூடக் கோட்டை விழவில்லையாம்.

பிரபுவுக்குக் கம்பெனிப் போன் வந்தது. "மாமா, நீங்க வாங்களேன், எனக்குப் பதிலா."

"அவருக்கு என்னடே புரியும்? ஒயர் சுத்துத ஆளு" என்றார் ச., வடையைக் கடித்துக்கொண்டே.

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "அண்ணாச்சி, இந்தக் கோட்டை விழுந்தா கோமுவ அனுப்புதீரா?"

"விழட்டும், அனுப்புதேன். விழலன்னா பேறுகாலம் முடியுத வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கப்பிடாது. சம்மதமா வே?"

"சம்மதம்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. ச. வீட்டு மதினியும் கோமுவும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

வெயில். மூணு மணிக்கு மேல் மப்பு.

மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது, மறக்காமல்: வெளியே நிற்பவன் மதிலை முட்டலாம், ஏணி போடலாம், இல்லை பாதையை அடைத்துப் பட்டினி போடலாம். அடி விழும்போதெல்லாம் உள்ளே இருப்பவன் பகடை உருட்டணும். நல்ல எண் விழுந்தால் ஓட்டையை அடைத்துக்கொள்வான். உருட்டாவிட்டால் விரிசல் விரிசலாகவே நிற்கும். ஆட்டம் நாள்கணக்கில் போகும், அதுவரை படம் மேசையிலேயே கிடக்கும். பன்னிரண்டாம் முறை மழை. மழை வந்தால் வெளியே நிற்பவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஞாயிறன்று நான் முட்டியதெல்லாம் ச. அடைத்துவிட்டார். கை ராசிக்காரர். அதனால் இன்று நேரம் பார்த்துப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மூணிலிருந்து நாலரை ராகு காலம். ச. அந்த நேரத்தில் பீரோ திறக்க மாட்டார். செருப்பு மாட்ட மாட்டார். மகனுக்குப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே வாசலில் அரைமணி நேரம் காரிலேயே இருந்தவர்.

சரியாக மூணுக்குப் போய் உட்கார்ந்தேன். மரத்தை வடக்கு மதிலில் முட்டினேன்.

"உருட்டுங்க அண்ணாச்சி."

மணியைப் பார்த்தார். "நாலரை ஆகட்டும்."

"மாப்ள, காத்திருக்கணும்னு அந்தப் பொஸ்தகத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

பிரபு புரட்டினான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. "இல்ல மாமா."

"அப்ப விரிசல்." இன்னொரு முட்டு. விரிசல். மூணாவது. ச. முகம் சுண்டிவிட்டது. வளைகாப்பு மண்டபத்தில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். நல்லாயிருந்தது. ரொம்ப நல்லாயிருந்தது.

மதினியை உருட்டச் சொன்னார். "நான் மாட்டேன், எனக்கும் அதே ராகு காலம்தானே" என்று உள்ளே போய்விட்டாள். கடைசியில், "ஏட்டி கோமு, இங்கன வா. வந்து உருட்டு" என்றார்.

கோமு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பகடையை எடுத்தாள். ஆறு. என் பக்கத்து முட்டுமரமே உடைந்தது.

"ஏட்டி, நீ எந்தப் பக்கம்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் எங்கிட்டக் கேட்டா பந்தயம் வச்சிய?" என்றாள். சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் தம்ளரில் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. பாட்டிலில் நம் வீட்டுத் தண்ணி கொண்டுபோயிருந்தேன்.

முற்றுகை போட்டவன் நான். பட்டினியும் நான். உள்ளே இருப்பவருக்கு வடை, காப்பி, அல்வா. என் மூக்குக்கு நேராகத் தட்டைத் தள்ளி வைத்தார். மதிலை உடைக்க அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் 31, வெள்ளி

பூ மார்க்கெட் பக்கம் கோவில் கொடை, ஆறு குழாய், இரண்டு பாக்ஸ். வேலைக்குப் பையன்கள் ஒருவனும் வரவில்லை. இடுப்பு போச்சு.

டீக்கடையில் காதில் விழுந்தது, எனக்கு முதுகு காட்டி ஒருத்தன் சொன்னது: "மைக்செட்டு அண்ணாச்சி மகள அனுப்ப மாட்டேன்னுட்டாவளாமே. அவரு மைக்லயே சொல்லிட்டாராம்." பக்கத்தில் இருந்தவன், "சத்தம் நல்லா கேட்டுச்சா?" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். "என் செட்டுடே, கேக்காம இருக்குமா?"

ராத்திரி சாப்பிடும்போது அப்பளத்தை ஒடித்துத் தட்டில் கோட்டை கட்டிப் பார்த்தேன். தெற்கு வாசல் வழியாகத்தான் அவருக்குத் தானியம் வருகிறது. மதிலோடு எதற்கு மல்லுக்கட்டணும்? பாதையை அடைத்தால் போதும்.

"பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு. அதக் கேட்டியளா?" என்றாள் கனகு.

கேட்கவில்லை. தினமும் அந்த வீட்டுக்குத்தான் போகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல மழை. அடுக்களையில் ஒழுகுகிற இடத்தில் வாளி. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ச. குரல்தான் கேட்கிறது.

தெற்கு வாசல் அடைத்தாச்சு. தேரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். முறைக்கு ஒரு மூட்டை என்று ச.வின் தானியம் கரைய ஆரம்பித்தது. முதலில் பேசிக்கொண்டே விளையாடினார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார். அல்வாத் தட்டில் கை வைக்கவில்லை. எனக்குப் பசியே தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வேலை செய்தார். நகரத்துக்குள்ளிருந்து ஐந்து சின்ன அட்டைகளை எடுத்து வாசலுக்கு வெளியே, மதிலுக்கும் என் கூடாரத்துக்கும் நடுவில் தள்ளினார். ஆயுதம் இல்லாத படம். முக்காடு, மூட்டை, கையில் பிள்ளை.

"இது என்ன புதுசா?"

"ஊர் சனம். சண்டைக்கு ஆகாத சனம். வெளிய அனுப்பிட்டா எனக்கு மூட்டை மிச்சம்" என்றார்.

மாப்பிள்ளை விளக்கினான். நான் வழிவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள், ஆனால் எனக்கு ஒரு முறை வீண். விடாவிட்டால் அங்கேயே நிற்பார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு அட்டையை எடுத்துப் பெட்டியில் போடணும்.

என்னிடம் மூணே முறை பாக்கி. அப்புறம் மழை. ஒன்றை வீணாக்கினால் கோட்டை தப்பிவிடும்.

"விட மாட்டேன்" என்றேன். "உம்ம சனம், நீரே வச்சுக்கிடும்."

"நானும் சேக்க மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். வளைகாப்புக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

காப்பி கொண்டுவந்த கோமு அங்கேயே நின்றிருக்கிறாள். குனிந்து அட்டையைப் பார்த்தாள். "இது புள்ளத்தாச்சியா?"

"தெரியல கோமு, பொம்பள, அவ்வளவுதான்" என்றான் பிரபு.

"அப்பா விடலன்னா இவ உள்ள போலாமா?"

"சேத்தா சோறு கொறையுமே தாயி" என்றார் ச.

"அப்ப எங்கதான் போவா?"

மாப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்தான். நான் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வாய் எடுத்தேன். எப்போதும் வரும். வரவில்லை. "உன் மாமனார் தள்ளுனாரு, நான் என்ன செய்ய" என்றேன். அவள் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னிடம் வழக்கமாகக் கேட்கிற "அம்மா என்ன செய்யுதா"வைக்கூடக் கேட்கவில்லை.

விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உடனே அந்த மைக் ஞாபகம் வருகிறது. விட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 4, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

இன்று முடித்துவிடுவது என்று போனேன். சட்டைகூட வெளுத்தது. மூணு மணி, ராகு காலம், கடைசி மூணு முறை. கோட்டை விழுந்ததும் சொல்ல ஒரு வாசகம் தயார் பண்ணியிருந்தேன். மண்டபத்தில் அவர் சொன்ன அளவுக்கே நீளம். கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்தாச்சு.

மேசையில் அந்த ஐந்து அட்டையைக் காணோம்.

ச. நான் திருடினேன் என்றார். நான் அவர் உள்ளே ஒளித்துக்கொண்டார் என்றேன். இரண்டு பேரும் மேசைக்கு அடியில், சோபாவுக்கு அடியில், முட்டி போட்டுத் தேடினோம். பிரபு புத்தகத்தைப் புரட்டுகிறான். சனம் காணாமல் போனால் என்ன செய்வது என்று அதில் போடவில்லையாம்.

நிமிர்ந்தால் வாசல்படியில் கோமு. வெளியே போகிற சேலை. கையில் பை. பின்னால் மதினி.

"தேடாண்டாம். எங்கிட்டதான் இருக்கு. நான் கிளம்புதேன், அம்மா கீழ ஆட்டோல இருக்கா."

ச. எழுந்தார். "செவ்வாக்கெழமையா? எட்டாம் மாசம். ராகு காலம் வேற."

"ராகு காலத்துல நீங்க எதையும் ஆரம்பிக்க மாட்டியளே மாமா. என்னயத் தடுக்கவும் ஆரம்பிக்க மாட்டிய. அப்பா கண்டுபிடிச்ச வழிதான்." சத்தம் போட்டுப் பேசவில்லை. "நல்ல நேரம் பாத்துக் கேட்டா ரெண்டு பேருல ஒருத்தரும் விட மாட்டிய."

மதினி, "நான்தான் துணி அடுக்கிக் கொடுத்தேன். போயிட்டு வரட்டும்" என்றாள், ச. முகத்தைப் பார்க்காமல்.

"இன்னும் ஆட்டம் முடியலியே" என்று ஒரு குரல்.

என் குரல். நான்தான் சொன்னேன். என் மகள் என் வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறாள். நான் மேசைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு அதைச் சொன்னேன்.

கோமு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு பிரபு பையை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இறக்கினான். ஆட்டோ கிளம்பிய சத்தம்.

நானும் போயிருக்கணும். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உம்ம முறையா, என் முறையா?"

மிச்சமிருந்த இன்னொரு மரத்தால் வடக்கு விரிசலில் முட்டினேன். உருட்ட இப்போது அவருக்கு ஆள் இல்லை. ராகு காலம். இதோ விழப்போகிறது. ச. கடிகாரத்தைப் பார்த்தார். கோமு போன வாசலைப் பார்த்தார். பகடையை எடுத்தார். சட்டையில் துடைத்தார். உருட்டினார்.

ஆறு. அடுத்த இரண்டும் உருட்டினார், ஐந்து, ஐந்து. அடைத்துவிட்டார். எழுபது வயதை நெருங்குகிற மனுசன், எனக்குத் தோற்கக் கூடாது என்பதற்காக ராகு காலத்தில் கை வைத்தார். மழை அட்டை திரும்பியது. கோட்டை நின்றது.

"ஜெயிச்சது நான். கோமு இருக்கவேண்டியது இங்க" என்றார்.

"போய்க் கேட்டுக்கிடும்" என்று எழுந்து வந்தேன். தயார் பண்ணிய வாசகம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

வெயில் அடித்தது. ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தாச்சு. ஒழுகவில்லை. ச. வந்து பார்க்கணும்.

கோமு வீட்டில். கேட்டதெல்லாம் நடந்தாச்சு. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கனகு முருங்கைக்கீரையும் கருவாடும் மாற்றி மாற்றி ஆக்குகிறாள்.

கோமு அம்மாவோடு பேசுகிறாள். புருசனோடு போனில் பேசுகிறாள். மாமியார், மாமனார், பக்கத்து வீடு எல்லாரோடும். என்னோடு மட்டும் இல்லை. சோறு வைக்கிறாள், தண்ணி வைக்கிறாள், நகர்ந்துவிடுகிறாள். காலையில் ஆம்ப்ளிஃபையரைத் தலையில் வைத்துக்கொண்டு ச. நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். சின்னப்பிள்ளையில் உருண்டு சிரிப்பாள். கனகு சிரித்தாள்.

அந்த அட்டைகள் அவள் வளையல் டப்பாவில் இருக்கிறதாம். கனகு சொன்னாள். நான் கேட்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிருங்களேன் அவகிட்ட" என்றாள் கனகு.

"என்னத்த?"

"ஒமக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ச. செய்தது சின்னதாகிவிடும். அது சின்னதாகக் கூடாது.

ச. நேற்று கனகிடம் போனில் பேசியிருக்கிறார். மருமகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டாராம். என்னிடம் கேட்க வாய் வரவில்லை போல. "ஞாயித்துக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமல்.

வரட்டும். இந்தத் தடவை வாசல் என்னுடையது.

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அடைமழை. தார்ப்பாய் தாங்குகிறது.

காலையிலேயே இரும்பு கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "நாய் வருது" என்றேன் கனகிடம். அவள் நம்பவில்லை. குழம்பு கொதிக்கிறது, கேட்க நேரமில்லை.

வந்துவிட்டார். ஆட்டோ போய்விட்டது. கேட்டுக்கு வெளியே நிற்கிறார். குடை சின்னது, தோள் நனைகிறது. ஒரு கையில் பிளாஸ்டிக் பை, பழம் போல. தனியாகத்தான் வந்திருக்கிறார்.

"சம்பந்தி" என்றார். ஒரு தடவை. நான் ஜன்னலோரம் டைரியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நிமிரவில்லை. என்னைப் பார்த்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை. கேட்டையும் ஆட்டவில்லை. சும்மா நிற்கிறார்.

நிற்கட்டும். இந்தப் பக்கம் முடிகிறவரை நிற்கட்டும். மெதுவாகத்தான் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் இன்றைக்கு அழகாக வருகிறது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார். வேட்டிக் கரை சகதி. இன்னும் பாதிப் பக்கம் இருக்கிறது.

தயார் பண்ணிய வாசகத்தைச் சொல்லலாம். ஜன்னல் வழியாகவே சொல்லலாம், மழையில் கேட்காது, கொஞ்சம் சத்தமாக. முதல் வரி ஞாபகம் வருகிறது. இரண்டாவது

கோமு எழுந்து வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கிறாள். கையை நீட்டியிருக்கிறாள், உள்ளங்கை மேலே பார்க்க. வீங்கிய விரல்.

இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது. கை அப்படியே நீட்டியிருக்கிறது.

பேனாவை வைத்தால்தான் சாவியை எடுக்க முடியும்.